நோயா, நோயின் பயமா?

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசப்படுவதில்லை. பெரியவர்கள் இருந்தால் வெட்கம், இளையவர்கள் இருந்தால் தயக்கம். பால்வினை நோய்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நம் தாத்தா பாட்டிமார் மேகநோய், வெட்டை, கிரந்தி என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள். அந்த நோய்களைப் பற்றிக் கொஞ்சமும், அவை வந்துவிட்டனவோ என்று மனத்துக்குள் வளர்கிற பயத்தைப் பற்றி அதிகமும் இன்று பேசப் போகிறோம். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் எழுப்பி அனுப்ப வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகள் கேட்பது நல்லதே.

பாகான் டத்தோ வட்டாரத்தில், பேராக் ஆறு கடலில் விழுகிற பக்கத்தில், தென்னையும் செம்பனையும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்ற ஒரு தோட்டத்தில் குலை வெட்டும் இளைஞர் ஒருவர் எங்களிடம் வந்தார். பெயரும் தோட்டமும் வேண்டாம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியே சொல்கிறோம். திருமணமாகி ஓராண்டு. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. தீபாவளிக்கு முன் கையில் கொஞ்சம் காசு புழங்கியபோது, நண்பர்களோடு துணி எடுக்க ஈப்போவுக்குப் போயிருக்கிறார். பகலில் துணிக்கடை, இரவில் உடம்பு பிடித்துவிடும் கடை என்று பயணம் திசை மாறிவிட்டது. அங்கே நடந்தது இவ்வளவுதான்: அந்தப் பெண் கையால் தொட்டார், இவர் முத்தமிட்டார். உடலுறவு நடக்கவில்லை. பாதியிலேயே நெஞ்சு படபடக்க எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வீடு திரும்பிய நான்காம் நாள் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். எட்டாம் நாள் தொடை இடுக்கில் கடலைப் பருப்பு அளவு ஒரு நெறி கட்டியிருந்தது. அடுத்த வாரம் அதே இடத்தில் சிவந்த படை. போதாதா? கைத்தொலைபேசியை எடுத்துத் தேடினார். அது காட்டிய படங்களைப் பார்த்த இரவு அவருக்குத் தூக்கம் போனது. பிறகு பல வாரங்கள் திரும்பி வரவில்லை.

தன் குவளையைத் தனியே வைத்தார். துண்டைத் தனியே காயப்போட்டார். கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். மனைவி கேட்டால் "புழுக்கமா இருக்கு" என்பார். மாமியார் வந்தவர் இதைப் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்க, மகள் அழ, வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. மருந்துக்கடையில் காப்சூல், இரவுச் சந்தையில் லேகியம், வாரத்துக்கு ஒரு தனியார் கிளினிக்கில் ஒரு இரத்தப் பரிசோதனை என்று போனஸ் பணம் அத்தனையும் கரைந்தது. மூன்று முறை பரிசோதித்தும் 'நோய் இல்லை' என்றே வந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் 'ஒருவேளை இயந்திரம் தவறாகச் சொல்லியிருக்குமோ' என்ற யோசனை. வேலையிலும் கவனம் இல்லை. மண்டோர் இரண்டு தடவை கண்டித்திருக்கிறார். "செத்துப்போயிடலாமான்னு நெனச்சேங்க" என்று எங்களிடம் சொன்னபோது அவர் தலை நிமிரவே இல்லை.

இனி அவர் உடம்பில் தோன்றிய மூன்று அடையாளங்களைப் பார்ப்போம். நம்மில் பலருக்கும் தெரிந்தவைதான் அவை.

சூரியன் உச்சிக்கு வரும்வரை செம்பனைக்கு அடியில் நின்று நீள அரிவாளால் குலை வெட்டுகிறவர் எவ்வளவு வியர்வை சிந்துகிறார்! அதற்கு ஏற்பத் தண்ணீர் குடிக்கிறாரா? இல்லை. சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகும், எரியும். 'சூடு பிடித்துக்கொண்டது' என்றும் 'நீர்க்கடுப்பு' என்றும் நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். போதாக்குறைக்கு, பயந்தவர் நாளுக்குப் பத்து முறை உறுப்பை அழுத்தி அழுத்திப் பார்த்தால் அதனாலேயே எரிச்சல் வரும். நெறி எங்கிருந்து வந்தது? காலைக் காட்டச் சொன்னோம். கணுக்காலுக்கு மேலே செம்பனை முள் குத்திப் பழுத்து ஆறிக்கொண்டிருந்த புண். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று நம் அப்பாயிகளுக்கே தெரியும். படித்த பிள்ளைக்குத் தெரியவில்லை. படை, நனைந்த காற்சட்டையோடு நாள் முழுதும் நடப்பவர்களுக்கு வருகிற பூஞ்சைப் படை. களிம்பு பூசி, உலர்ந்த துணி உடுத்தினால் போய்விடும்.

அப்படியானால் பால்வினை நோய் எப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது? எல்லோரும் அதிகம் பயப்படுகிற எச்.ஐ.வி. கிருமியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது இரத்தம், விந்து, பெண்ணுறுப்பின் நீர், ஆசனவாயின் நீர், தாய்ப்பால் ஆகியவற்றில் இருக்கிறது. அவை உடம்பின் உள்ளே, மெல்லிய தோலுக்கோ இரத்தத்துக்கோ போய்ச் சேர்ந்தால்தான் தொற்றும். கையால் தொடுவதால் தொற்றாது. முத்தத்தால் தொற்றாது. ஒரே குவளை, ஒரே கழிவறை, ஒரே துண்டு, எதுவும் கடத்தாது. கொசு கடத்தாது, நம் வட்டாரத்துக் கொசு டெங்கியைத்தான் கொண்டு வரும், அதற்குப் பயப்படுங்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்ணோடு உறை இல்லாமல் உறவு கொண்ட ஆணுக்குக்கூட ஒரு முறையில் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறக்குறைய 4 என்று மருத்துவ ஆய்வுகள் கணக்கிடுகின்றன. கிருமி உள்ள ஆணிடமிருந்து பெண்ணுக்கு அது ஏறக்குறைய 8. இந்தக் கணக்கைக் கேட்டு யாரும் துணிச்சல் கொள்ள வேண்டாம். அந்த நான்கு பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது முழு வாழ்க்கை. உறவே கொள்ளாதவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய காரணம் இல்லை என்பதற்காகவே சொன்னோம்.

மற்ற நோய்கள் இதைவிட எளிதில் தொற்றும். வெட்டை என்ற கொனோரியா, கிளமிடியா, கிரந்தி என்ற சிபிலிஸ், அக்கிக் கொப்புளம் போன்ற ஹெர்பிஸ் ஆகியவை வாய்வழி உறவிலும் போகலாம். சிபிலிஸ் புண்ணை நேராகத் தொடும் தோலிலும் அந்நோய் ஏறலாம். ஆகவே 'ஒன்றுமே இல்லை' என்று நாங்கள் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. 'மிக மிகக் குறைவு, ஒரு முறை சரியான காலத்தில் பார்த்துவிடுவோம்' என்றோம். பயந்தவரிடம் பொய்யான உறுதி சொன்னால், அதில் ஓட்டை கண்டுபிடிக்க அவருக்கு அரை மணி நேரம் போதும்.

நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே இந்தப் பயத்தின் வேர் கொஞ்சம் இருக்கிறது. மேகம் என்ற ஒரே சொல்லுக்குள் நீர்க்கடுப்பையும் வெள்ளையையும் தோல் நோயையும் நீரிழிவையும்கூடப் போட்டு மூட்டை கட்டி வைத்தார்கள். ஒன்று வந்தால் எல்லாம் வந்ததாகத் தோன்றும். சிபிலிஸுக்குப் பறங்கிப்புண் என்றும் ஒரு பெயர் உண்டு. கப்பலில் வந்த பறங்கியர் கொண்டுவந்தது என்று பொருள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஒரு நாட்டார் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அதை நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். நோயை எப்போதும் அடுத்த வீட்டின் மேல் போடுவது மனிதர் வழக்கம் போலும்.

பிறகு எய்ட்ஸ் வந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். நிர்மலா இளம் மாணவி. பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைக் கேட்டுப் பெற்று, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார். அதே 1986-ல் மலேசியாவிலும் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அப்போது மருந்து கிடையாது. அதனால் எங்கும் பயமுறுத்தியே பேசினார்கள். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி எழுதப்பட்டிருந்தது. பாதுகாப்பைச் சொல்லத்தான் அந்தப் பிரசாரம். ஆனாலும் மக்கள் நினைவில் நின்றது கேள்விதான். எதனால் வரும் என்பதும் எதனால் வராது என்பதும் பலர் மனத்தில் பதியவே இல்லை.

இன்று நிலைமை வேறு. எச்.ஐ.வி. உள்ளவர் நாள்தோறும் மாத்திரை சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்ணுக்கே படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உறவின் வழியாக மற்றவருக்கு அதைக் கொடுப்பதில்லை. பிள்ளை பெற்று வளர்க்கிறார், வேலைக்குப் போகிறார். நம் அரசு மருத்துவமனைகளில் முதல் நிலை மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பரிசோதனைக்குக் காலம் உண்டு. இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்கிறோம், ஏனென்றால் அந்த இளைஞரின் பணம் போனது இங்கேதான். கிருமி உடம்புக்குள் போனாலும் சில வாரங்கள் சென்றுதான் இரத்தத்தில் தெரியும். விதை போட்ட மறுநாள் முளை வரவில்லை என்று மண்ணைக் கிளறுவோமா? எச்.ஐ.வி.க்கு மருத்துவமனை ஆய்வகத்தின் புதிய வகைப் பரிசோதனை ஆறரை வாரத்தில், அதாவது 45 நாளில், தெளிவாகச் சொல்லிவிடும். விரலில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சிபிலிஸ் பெரும்பாலும் மூன்று வாரத்தில் புண்ணாகத் தோன்றும், மூன்று மாதம்வரை தாமதிக்கவும் கூடும். கொனோரியா சில நாட்களிலேயே சீழாக வெளிப்படும். முதல் வாரத்தில் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனை பழைய காலத்தைப் பற்றித்தான் சொல்லும். போன வார இரவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆனால் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. உறை இல்லாமல் உறவு நடந்தது, உறை கிழிந்துவிட்டது, அல்லது ஒருவர் பலவந்தப்படுத்தப்பட்டார் என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிடும் மாத்திரை எச்.ஐ.வி. வேர் பிடிக்காமல் தடுக்கும். நான்காம் நாள் போனால் அந்த வாய்ப்பு போயிற்று. பயத்தில் மூன்று மாதம் தூங்காதவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். உண்மையாகவே ஓட வேண்டிய மூன்று நாளை வெட்கத்தில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். இவர்களுக்காகத்தான் எங்களுக்கு மனம் அதிகம் வருந்துகிறது.

அதேபோல, உறுப்பில் வலியில்லாத புண் வந்தால் 'வலிக்கவில்லையே' என்று விடாதீர்கள். சிபிலிஸ் புண் வலிக்காது, தானே ஆறியும் போகும். நோய் மட்டும் உள்ளே தங்கிவிடும். ஆரம்பத்தில் பென்சாதீன் பெனிசிலின் ஊசி ஒரே ஒரு தடவை போட்டாலே தீர்ந்துவிடுகிற நோய் அது. சீழ் வடிந்தாலும், பெண்களுக்கு அடிவயிற்றில் வலியோ வழக்கமில்லாத நீரோ கண்டாலும் காட்டுங்கள். கிளமிடியா பெண்களிடம் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் இருந்து, பிள்ளைப்பேற்றைக் கெடுத்துவிடும். கணவனுக்கு நோய் இருந்தால் மனைவிக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

மருந்துக்கடைக் காப்சூலைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பர் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை வாங்கி நான்கு நாள் போட்டுக்கொள்வது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. நோய் இல்லாதவருக்கு அது வீண். நோய் உள்ளவருக்கு அது ஆபத்து: நோய் பாதி அடங்கி மறைந்து, மருந்துக்குப் பழகிவிடும். கொனோரியா அப்படிப் பல மருந்துகளுக்கு மசியாமல் போய்விட்டதால்தான் இன்று ஊசி போட வேண்டியிருக்கிறது. இரவுச் சந்தையில் ஒலிபெருக்கி வைத்து, 'ஆண்மை, மேகம், வெட்டை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா' என்று விற்கிறவரையும் நம்பாதீர்கள். முறையாகப் படித்த சித்த வைத்தியர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. நம் நாட்டில் பதிவான மருந்துக்கு மால் என்று தொடங்கும் எண்ணும் ஒட்டுமுத்திரையும் உண்டு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அந்த இளைஞர் வாங்கிய லேகியத்தில் விற்றவரின் புகைப்படம்தான் இருந்தது, எண் இல்லை.

பழைய தலைமுறையினர் உள்ள வீடுகளுக்கு இன்னொரு செய்தி. மலாய்க்காரர் 'புரு' என்று சொல்லும் ஒரு புண் நோய் முன்பு கம்பத்துப் பிள்ளைகளிடம் பரவலாக இருந்தது. உறவால் வருவதல்ல அது, தோலோடு தோல் பட்டு வருவது. 1950-ஆம் ஆண்டுகளில் பெனிசிலின் ஊசி போட்டு அதை ஒடுக்கினார்கள். அந்தக் கிருமியும் சிபிலிஸ் கிருமியும் பங்காளிகள். அதனால் சிறு வயதில் புரு வந்தவருக்கு எழுபது எண்பது வயதில் சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை செய்தாலும் 'உண்டு' என்று காட்டலாம். கண் அறுவைக்கோ வேறு எதற்கோ போன இடத்தில் இப்படி வந்ததும், பாட்டியையும் செத்துப்போன தாத்தாவையும் சந்தேகித்துப் பேசிய குடும்பம் ஒன்றை அறிவோம். ஒரு தாளை வைத்து யாரையும் தீர்ப்பளிக்காதீர்கள். இரண்டாவது பரிசோதனை உண்டு, விளக்கம் சொல்ல மருத்துவர் உண்டு.

ஆண்கள் இவ்வளவு நடுங்குகிற இந்தப் பரிசோதனையை நம் வீட்டுப் பெண்கள் சந்தடியில்லாமல் செய்துகொண்டு வருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளை உண்டானவுடன் அரசு கிளினிக்கில் பதியும்போது எடுக்கிற இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்கப்படுகின்றன. எச்.ஐ.வி. பார்ப்பது 1998 முதல் நாடு முழுவதும் நடந்துவருகிறது. அதன் பலனாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் போவதை ஒழித்த நாடு என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதலில் அதைப் பெற்றது நாம்தான். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது, மனைவியின் கர்ப்பப் புத்தகத்தைத் தான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை என்றார்.

இனி மனத்தைப் பற்றி. நாங்கள் அவரிடம் கேட்டது இது: "தம்பி, உங்களை உறுத்துவது கிருமியா, செய்த காரியமா?" வெகு நேரம் பேசாமல் இருந்தார். செய்தது தவறு என்று மனம் குத்துகிறது. அந்தக் குத்துக்குத் தண்டனை எங்கே என்று உடம்பில் தேடுகிறது. தேடினால் எந்த உடம்பிலும் ஏதாவது கிடைக்கும், பருவோ தடிப்போ. இரத்தப் பரிசோதனை கிருமிக்குப் பதில் சொல்லும், குற்ற உணர்ச்சிக்குச் சொல்லாது. அதனால்தான் அவர் மூன்று தடவை பார்த்தும் ஆறுதல் அடையவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் ஒரே ஒரு பரிசோதனை, அதுவரை கைத்தொலைபேசியில் தேடுவதில்லை, உறுப்பை அழுத்திப் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதல் வாரம் அவரால் முடியவில்லை. மூன்றாம் வாரம் ஓரளவு முடிந்தது.

பயம் முற்றி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர் தனியாக இருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. இப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் பக்கத்தில் உட்காருங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. எதிர்பார்த்ததுதான். மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று அவர் கேட்டபோது எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நிறைமாதக்காரிக்கு இது ஏன் என்றார் எங்களில் ஒருவர். மறைத்தால் அது வேறு உருவில் வரும் என்றார் இன்னொருவர். முடிவை அவரிடமே விட்டோம். அவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் கோபித்து அம்மா வீட்டுக்குப் போய்விடுவார் என்று நாங்கள் நினைத்தோம். கோபம் இருந்தது, பல நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஆனால் அன்று அவர் சொன்னது இதுதானாம்: "மூணு மாசமா நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேங்க." தெலுக் இந்தான் மருத்துவமனையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாய் கூடத்திலிருந்து உள்ளே போய்விட்டதாகக் கேள்வி.

நேயர்களே, எங்கே போவது என்று கேட்பீர்கள். பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் உள்ளவர்கள் அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்குமே என்று கூசுகிறவர்கள் தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ போங்கள், தவறில்லை. நோய் இருந்தால் சட்டப்படி சுகாதார அலுவலகத்துக்கு அறிவிப்பார்கள். தோட்ட ஆபீசுக்கோ கிராணிக்கோ அல்ல. முன்பு நாம் டிரெசர் என்று அழைத்த, இப்போது எம்.ஏ. என்கிற மருத்துவ உதவியாளரிடம் 'ஒரு விஷயம் தனியாகப் பேச வேண்டும்' என்று சொன்னால் போதும். அவர்கள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தேதியை வைத்துத்தான் பரிசோதனை நாளைக் குறிப்பார்கள். அடையாளக் கார்டை மறந்துவிடாதீர்கள்.